கடைசியாகச் சேர்த்தது என்ன?

நீலத் திரை வந்து கம்ப்யூட்டர் நின்றுவிட்டதா? நடுங்காதீர்கள்! முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

ஆழ்வார்திருநகரி. காலை 11 மணி.

கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் கடை. உள்ளே ஒரே ஒரு கம்ப்யூட்டர். பக்கத்தில் ஒரு பிரிண்டர். வாசலில் ஏழெட்டுப் பேர் காத்து நின்றார்கள். ஒரு ரசீது எடுப்பதற்காக நானும் அந்த வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும். மகள் பிளஸ்-2 தேறியவள். கல்லூரியில் சேர விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அன்றுதான் கடைசி நாள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாம் முதல் நாளே அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது. விண்ணப்பத்தை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, மாலைக்குள் கல்லூரியில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

கடைக்காரத் தம்பி அச்சடிக்கும் பொத்தானைத் தட்டினார்.

திரை முழுவதும் ஒரே நீலம்! வெள்ளை எழுத்தில் ஏதோ இங்கிலீஷ். பிறகு கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக எழுந்தது. எழுந்த ஒரு நிமிடத்தில் மறுபடியும் நீலம். மூன்றாவது தடவையும் அதேதான்.

"போச்சு! வைரஸ் புகுந்துட்டு. எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேருந்து விண்டோஸ் போடணும்" என்றார் கடைக்காரர். அவர் நெற்றியில் வியர்வை.

அந்தத் தாய் பதறிவிட்டார். "அப்போ எம் பிள்ளை சர்ட்டிபிகேட் எல்லாம்?"

"அதுவும் போயிரும் தாயி."

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. கண் மட்டும் கலங்கியது.

அப்போது வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பெரியவர் முன்னே வந்தார். தூத்துக்குடியில் பல வருடம் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவராம். அவர் திரையைக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, இதுல கடைசியா என்ன புதுசா சேர்த்தே?"

"ஒண்ணும் சேர்க்கலை அண்ணாச்சி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

தம்பி தலையைச் சொறிந்தார். "முந்தாநாள் இந்தப் பிரிண்டரை வாங்கினேன். பழசுதான். அதோட டிரைவர் கிடைக்கலை. இன்டர்நெட்ல தேடி ஒண்ணைப் போட்டேன்."

பெரியவர் சிரித்தார். "ஆள் அகப்பட்டுட்டான்" என்றார்.

அவர் என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த "டிரைவர்" யார் என்று தெரிந்துகொள்வோம். ஏனென்றால் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அவர் இருக்கிறார். ஒருவர் அல்ல, பல பேர்!

மச்சான் கையில் கயிறு

பஸ் ஓட்டுகிறவரும் டிரைவர்தான். ஆனால் கம்ப்யூட்டர் டிரைவர் ஆள் அல்ல. அது ஒரு புரோகிராம்.

தூத்துக்குடிக் கடலில் ஒரு காலத்தில் முத்துக் குளித்தார்கள். அதை நினைத்துக்கொண்டால் இது சுலபமாக விளங்கும்.

முத்துக் குளிப்பவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கல்லின் கனத்தில் கடலுக்குள் இறங்குவார். மேலே படகில் ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் உயிர் போய்விடும். அதனால்தான் கயிற்றைப் பிடிக்க மனைவியின் தம்பியையோ அண்ணனையோ நிறுத்துவார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வது உண்டு. அக்காளோ தங்கையோ தாலி அறுக்க அவன் சம்மதிக்க மாட்டான் அல்லவா?

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, கேமரா இவையெல்லாம் கடலுக்குள் இறங்கியவர்கள். விண்டோஸ் படகின் தலைவர். இருவருக்கும் நடுவில் கயிற்றைப் பிடித்து நிற்பவர்தான் டிரைவர்.

"இந்தப் பக்கத்தை அச்சடி" என்று விண்டோஸ் சொல்லும். பிரிண்டருக்கு அந்தப் பேச்சு புரியாது. டிரைவர்தான் அதை பிரிண்டருக்குப் புரியும் சைகையாக மாற்றித் தருகிறார். "தாள் தீர்ந்துவிட்டது" என்று பிரிண்டர் சைகை செய்தால், அதை விண்டோசுக்குச் சொல்பவரும் அவரே.

ஒவ்வொரு கருவிக்கும் சைகை வேறு. ஒரே கம்பெனி செய்த இரண்டு பிரிண்டர்களுக்குக்கூட வேறாக இருக்கலாம். ஒருவருடைய கயிற்றை, அவர் சைகை தெரியாத வேறு ஒருவர் பிடித்தால் என்ன ஆகும்? இழுக்க வேண்டிய நேரத்தில் விடுவார். விட வேண்டிய நேரத்தில் இழுப்பார். இதைத்தான் "டிரைவர் பொருந்தவில்லை" என்கிறார்கள்.

படகே ஏன் கவிழ்கிறது?

"பிரிண்டர் டிரைவர் சரியில்லை என்றால் பிரிண்டர் மட்டும் நிற்கட்டும். கம்ப்யூட்டர் முழுவதும் ஏன் நிற்க வேண்டும்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி.

நீங்கள் கடிதம் எழுதும் புரோகிராம், பாட்டுக் கேட்கும் புரோகிராம் இவற்றை விண்டோஸ் தனித்தனிச் சிறு படகுகளில் வைத்திருக்கிறது. ஒரு படகு கவிழ்ந்தால் அது மட்டும் மூழ்கும். மற்றவை மிதக்கும். ஆனால் டிரைவர்களில் பலர் தலைவரோடு பெரிய படகிலேயே நிற்கிறார்கள். அந்தப் பெரிய படகுக்கு "கெர்னல்" என்று பெயர். அங்கே நின்றால்தான் கருவிகளோடு வேகமாகப் பேச முடியும். ஆனால் அங்கே ஒருவர் தவறி விழுந்தால் படகு முழுவதும் ஆடும்.

அந்த நேரத்தில் விண்டோஸ் ஒரு காரியம் செய்கிறது. "இனியும் ஓடினால் இவருடைய கோப்புகள் கெட்டுப்போகும்" என்று நினைத்து, எல்லா வேலையையும் தானே நிறுத்திவிடுகிறது. நிறுத்தியதை நமக்குச் சொல்லத்தான் அந்த நீலத் திரை. 2025-ல் விண்டோஸ் 11-க்கு வந்த மாற்றத்தில் இந்தத் திரை கறுப்பாகிவிட்டது. நிறம்தான் வேறு. சேதி ஒன்றே.

ஆகவே நீலத் திரை என்பது சாவு மணி அல்ல. ஆபத்தில் போட்ட பிரேக்!

பெரிய மனிதருக்கும் இதே கதி

இது நம் ஊர்க் கடைக்காரருக்கு மட்டும் நேர்ந்த அவமானம் அல்ல. விண்டோசைச் செய்த கம்பெனியின் தலைவருக்கே நேர்ந்தது!

1998 ஏப்ரல் 20. அமெரிக்காவில் சிகாகோ நகரம். பெரிய கம்ப்யூட்டர் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ் நின்றார். விண்டோஸ் 98 விற்பனைக்கு வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. "எந்தக் கருவியையும் செருகினால் போதும். விண்டோஸ் தானே அடையாளம் கண்டுகொள்ளும்" என்று அதன் பெருமையை விளக்கினார்கள். அவருடைய உதவியாளர் ஒரு ஸ்கேனரை எடுத்துச் செருகினார். டிரைவர் ஏறத் தொடங்கியது.

உடனே நீலத் திரை!

ஆயிரக்கணக்கான பேர் கைதட்டிச் சிரித்தார்கள். பில் கேட்சும் சிரித்துச் சமாளித்தார். இதனால்தான் இதை இன்னும் விற்பனைக்கு விடவில்லை என்று வேடிக்கையாகச் சொன்னார். அதே ஆண்டு ஜூன் 25-ந் தேதி விண்டோஸ் 98 கடைக்கு வந்தது.

அடுத்தது 2007. விண்டோஸ் விஸ்டா வந்தது. டிரைவர்கள் எப்படி நிற்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்ற விதிகளில் பலவற்றை அது மாற்றிவிட்டது. பழைய டிரைவர்கள் பல பொருந்தவில்லை. புதியவை அவசரமாக எழுதப்பட்டன. பலன் என்ன? கம்ப்யூட்டர்கள் நின்றன. அந்த ஆண்டு பதிவான விஸ்டா கோளாறுகளில் சுமார் 29 சதவீதத்துக்குக் காரணம் என்விடியா கம்பெனியின் டிரைவர்கள். மைக்ரோசாப்டின் சொந்தப் புரோகிராம்கள் காரணமாக இருந்தவை சுமார் 18 சதவீதம். இந்தக் கணக்கு பிறகு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கில் வெளியே வந்தது.

மூன்றாவது, ஆழ்வார்திருநகரியில் நான் கண்டதைப் போலவே இருக்கும். 2021 மார்ச் 9. விண்டோசுக்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வந்தது. மறுநாள் உலகம் எங்கும் அலுவலகங்களில் ஒரே கூச்சல். அச்சடிக்கும் பொத்தானைத் தட்டினால் நீலத் திரை! சில கம்பெனிகளின் பிரிண்டர் டிரைவர்களும் புதிய அப்டேட்டும் ஒத்துப்போகவில்லை. அச்சடிக்காத வரையில் கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடியது. மார்ச் 15-ந் தேதி மைக்ரோசாப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நீங்கள் டிரைவரைத் தொடாமலே இருக்கலாம். விண்டோஸ் மாறினாலும் பொருத்தம் கெடும். கயிறு பிடித்தவர் அதே ஆள்தான். படகின் சட்டம் மாறிவிட்டது!

உலகமே நின்ற நாள்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. அந்த நாளை விமானத்தில் போனவர்கள் மறக்க மாட்டார்கள்.

கிரவுட்ஸ்டிரைக் என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி. கம்ப்யூட்டருக்குள் திருடர்கள் புகாமல் காக்கும் புரோகிராமை விற்கிறது. விமானக் கம்பெனிகள், வங்கிகள், ஆஸ்பத்திரிகள் அதை வாங்கியிருந்தன. அந்தக் காவல்காரரும் ஒரு டிரைவராகப் பெரிய படகில்தான் நின்றார்.

அன்று இந்திய நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்கு, அந்தக் காவல்காரருக்கு ஒரு புதிய குறிப்புக் கோப்பு அனுப்பப்பட்டது. 21-வது தகவலைப் பார் என்று அது சொன்னது. ஆனால் காவல்காரர் கையில் இருந்தவை 20 தகவல்கள்தான். இல்லாத 21-வதைத் தேடி, இல்லாத இடத்தில் கையை விட்டார். படகு கவிழ்ந்தது!

ஒரு படகா? 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. உலகில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இது 1 சதவீதம்கூட இல்லை. ஆனாலும் விமானங்கள் நின்றன. ஆஸ்பத்திரிகளில் வேலை தடைப்பட்டது. டெலிவிஷன் நிலையங்கள் இருண்டன. அமெரிக்காவின் டெல்டா விமானக் கம்பெனி சில நாட்களில் ஏறக்குறைய 7 ஆயிரம் விமானங்களை ரத்து செய்தது.

நம் நாட்டிலும் சென்னை, பெங்களூர், டெல்லி விமான நிலையங்களில் நீண்ட வரிசைகள். பிரிண்டரும் இல்லை, திரையும் இல்லை. விமானச் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்! மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகுதான் விமான நிலையங்கள் வழக்க நிலைக்குத் திரும்பின என்று மத்திய விமானப் போக்குவரத்து மந்திரி அறிவித்தார். வங்கிகள் பெரும்பாலும் தப்பின. 10 வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் மட்டும் சிறிய தடங்கல் என்று ரிசர்வ் வங்கி கூறியது.

தவறான கோப்பைக் கம்பெனி 1 மணி 18 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் கவிழ்ந்த கம்ப்யூட்டர்கள் தாமாக எழவில்லை. பலவற்றுக்குப் பக்கத்தில் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது.

போனவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லாவற்றையும் அழித்து விண்டோசைப் புதிதாகப் போட்டார்களா? இல்லை. "சேப் மோட்" என்ற பாதுகாப்பு முறையில் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். கடைசியாகச் சேர்ந்த அந்த ஒரு கோப்பைத் தேடி அழித்தார்கள். மறுபடி திறந்தார்கள். ஓடியது!

பெரிய விமானக் கம்பெனிக்கும் அதே வைத்தியம். ஆழ்வார்திருநகரிக் கடைக்கும் அதே வைத்தியம். கடைசியாகச் சேர்த்தது என்ன? அதை எடு!

உங்கள் வீட்டில் நடந்தால்...

இதை வெட்டி எடுத்துக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

1. கயிறுகளைக் கழற்றுங்கள். பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, பென் டிரைவ் எல்லாவற்றின் வயரையும் உருவுங்கள். விசைப்பலகையும் மவுசும் மட்டும் இருக்கட்டும். இப்போது கம்ப்யூட்டரைத் திறங்கள். நின்று ஓடுகிறதா? பாதி நோய் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு கருவியாகத் திரும்பச் செருகிப் பாருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ, அதன் டிரைவர்தான் சந்தேகத்துக்கு உரியவர்.

2. திரையைப் படம் பிடியுங்கள். நீலத் திரை சில வினாடிகளில் மறைந்துவிடும். கையில் உள்ள செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் "ஸ்டாப் கோட்" என்று ஒரு வரி இருக்கும். சில சமயம் அதற்குக் கீழே ஒரு கோப்பின் பெயரும் இருக்கும். அது எஸ்-ஒய்-எஸ் என்ற மூன்று எழுத்துகளில் முடிந்தால், பெரும்பாலும் அது ஒரு டிரைவரின் பெயர். அந்தப் பெயரைக் கொண்டே எந்தக் கருவி என்று கண்டுபிடிக்கலாம். பழுது பார்ப்பவரிடம் இந்தப் படத்தைக் காட்டினால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

3. சேப் மோடில் திறங்கள். வயரைக் கழற்றியும் விழுகிறது என்றால் இதுதான் வழி. சேப் மோடில் விண்டோஸ் மிகவும் அவசியமான டிரைவர்களை மட்டும் படகில் ஏற்றிக்கொள்ளும். மற்றவர்களைக் கரையில் நிறுத்திவிடும். இதைத் திறக்க, ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே "ரீஸ்டார்ட்" கொடுங்கள். வரும் பக்கத்தில் "டிரபிள்ஷூட்", அதில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்", அதில் "ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்", பிறகு "ரீஸ்டார்ட்". வரும் பட்டியலில் 4-ஐ அழுத்துங்கள். விண்டோஸ் திறக்கவே முடியாமல் இரண்டு மூன்று தடவை விழுந்தால், பழுது நீக்கும் பக்கம் பெரும்பாலும் தானாகவே வரும்.

சில கம்ப்யூட்டர்கள் இந்த இடத்தில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அது "பிட்லாக்கர்" பூட்டின் சாவி. உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கக்கூடும். இன்றைக்கே பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீடு பற்றிய பிறகு கிணறு வெட்டக் கூடாது!

4. பழைய டிரைவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். "ஸ்டார்ட்" பொத்தானின் மேல் மவுசின் வலது பொத்தானைத் தட்டினால் "டிவைஸ் மேனேஜர்" என்று வரும். அதில் எல்லாக் கருவிகளின் பட்டியலும் இருக்கும். மஞ்சள் அடையாளம் உள்ளதைக் கவனியுங்கள். சந்தேகமான கருவியைத் திறந்து "டிரைவர்" என்ற பகுதிக்குப் போனால், "ரோல் பேக் டிரைவர்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் புதிய டிரைவர் போய், முன்பு இருந்தவர் திரும்பி வருவார். 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த வசதி இது. பொத்தான் மங்கலாக இருந்தால், பழைய ஆள் இல்லை என்று பொருள். அப்போது "அன்இன்ஸ்டால்" கொடுத்து அந்த டிரைவரையே எடுத்துவிடலாம்.

5. நாளைப் பின்னுக்குத் தள்ளுங்கள். எது தவறு என்றே தெரியவில்லையா? "சிஸ்டம் ரெஸ்டோர்" என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் நன்றாக இருந்த ஒரு நாளின் நிலைக்கு அது திரும்பக் கொண்டுபோகும். டிரைவர்களும் புரோகிராம்களும்தான் மாறும். உங்கள் கடிதங்களும் போட்டோக்களும் அப்படியே இருக்கும். ஆனால் இந்த வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால்தான் இது உதவும்.

6. சரியான ஆளைக் கொண்டுவாருங்கள். கருவியைச் செய்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தோ, விண்டோஸ் அப்டேட் மூலமாகவோ டிரைவரை எடுங்கள். மூன்று பொருத்தம் பாருங்கள். கருவியின் மாடல் எண் ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது. உங்களிடம் இருப்பது விண்டோஸ் 10-ஆ, 11-ஆ என்று பாருங்கள். 32 பிட்டா, 64 பிட்டா என்றும் பாருங்கள். 64 பிட் விண்டோசில் 32 பிட் டிரைவர் ஏறாது.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். டிரைவருக்கு இந்த மூன்றாவது பார்க்க வேண்டாமா?

இவற்றைச் செய்யாதீர்கள்

"உங்கள் டிரைவர்கள் எல்லாம் பழசாகிவிட்டன. இலவசமாகப் புதுப்பிக்கிறோம்" என்று விளம்பரம் வரும். நம்பாதீர்கள். எல்லா டிரைவரையும் ஒரே நாளில் மாற்றினால், பிறகு கோளாறு வரும்போது "கடைசியாகச் சேர்த்தது என்ன?" என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது. நன்றாக ஓடுகிற டிரைவரை, பாதுகாப்புக் காரணம் இல்லாமல், சும்மா மாற்றவும் வேண்டாம்.

இன்னொரு மோசடியும் உண்டு. இன்டர்நெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீலத் திரை மாதிரியே ஒரு படம் வரும். "உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று கூவும். உண்மையான நீலத் திரையில் போன் நம்பர் இருக்காது! நம்பர் இருந்தால் அவன் திருடன். பேசவும் வேண்டாம், பணம் கட்டவும் வேண்டாம்.

எடுத்த எடுப்பில் "பார்மட்" போடவும் சம்மதிக்காதீர்கள். அது பல் வலிக்குத் தலையை வெட்டுகிற கதை. அதே பொருந்தாத டிரைவரை மறுபடி போட்டால் நீலத் திரையும் மறுபடி வரும். போன கோப்புகள்தான் வரமாட்டா.

ஒன்றை மறக்கக் கூடாது. எல்லா நீலத் திரைக்கும் டிரைவர் காரணம் அல்ல. நினைவுச் சில்லு கெட்டாலும் வரும். விசிறியில் தூசி அடைத்து, உள்ளே சூடு ஏறினாலும் வரும். ஹார்ட் டிஸ்க் தேய்ந்தாலும் வரும். மேலே சொன்ன ஆறும் பலிக்கவில்லை என்றாலோ, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஸ்டாப் கோட் வந்தாலோ, நல்ல மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இந்தச் சமயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பலர் விண்டோஸ் 11-க்கு மாறுகிறார்கள். மாறுவதற்கு முன்னால் உங்கள் பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் விண்டோஸ் 11 டிரைவர் உண்டா என்று பாருங்கள். முக்கியமான கோப்புகளைத் தனி டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மாறுங்கள்.

கடையில் என்ன நடந்தது?

மறுபடி ஆழ்வார்திருநகரிக்கு வருவோம்.

பெரியவர் முதலில் பிரிண்டரின் வயரை உருவினார். கம்ப்யூட்டரைத் திறந்தார். அது எழுந்து நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நீலத் திரை வரவில்லை!

"அச்சடிக்கச் சொன்ன தாள் இன்னும் வரிசையிலேயே காத்துக் கிடக்கு. எழுந்திருச்சதும் அதையே அச்சடிக்கப் பார்க்கு. திரும்பவும் விழுது" என்று விளக்கினார். காத்திருந்த அந்த வேலையை ரத்து செய்தார். முந்தாநாள் சேர்த்த டிரைவரை எடுத்தெறிந்தார். பிரிண்டரைத் திருப்பி அடியில் இருந்த மாடல் எண்ணைப் படிக்கச் சொன்னார்.

தம்பி படித்தார். முகம் சிறுத்துவிட்டது. அவர் ஏற்றிய டிரைவர் வேறு மாடலுக்கு உரியது. கடைசியில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்!

கம்பெனியின் தளத்திலிருந்து சரியான டிரைவர் இறங்கியது. வயரைச் செருகினார்கள். தம்பி பொத்தானைத் தட்டினார். கடையில் எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றோம்.

"கிர்ர்ர்" என்ற சத்தத்தோடு தாள் வெளியே வந்தது.

மணி 11-45. அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாள். தாயும் மகளும் பஸ் பிடிக்க ஓடினார்கள். ஓடும்போதே அந்தத் தாய் திரும்பி, "நல்லா இருங்க அண்ணாச்சி" என்று கை எடுத்துக் கும்பிட்டார்.

கடைக்காரத் தம்பி பெரியவருக்குப் பணம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "ஒரு நோட்டு வாங்கி இந்த மேசையில வை. புதுசா எதைச் சேர்த்தாலும் தேதி போட்டு எழுது. அடுத்த தடவை எங்கிட்டே கேட்க வேண்டியதில்லை. நோட்டே சொல்லிரும்" என்றார்.

தம்பி அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் பிரிண்டரின் பெயர், மாடல் எண், டிரைவர் ஏற்றிய தேதி மூன்றையும் எழுதினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் என் ரசீதை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

நீங்களும் இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்களேன்!